அஞ்சலை திரும்பிப் போன மழைக்காலம்

செந்தில்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "அவளாத்தான போனா, அவளே வரட்டும்" என்று சொன்னாய். நான் பதில் சொல்வதற்குள் ஷெட்டில் ஆள் காத்திருக்கிறது என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்ட போதெல்லாம் உனக்கு ஏதோ ஒரு வேலை. வறுக்கிற டிரம் ரிப்பேர், லோடு வரணும், கரண்ட் இல்லை. எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் சொல்ல நினைப்பது ரெண்டு நிமிஷத்தில் முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். இதை நீ பாதியில் மூடி வைக்கலாம். ஆனால் மறுபடி எடுத்தால் விட்ட இடத்திலேயே இருக்கும்.

கயல் சிதம்பரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் மூணாவது வாரம் நடக்கிறது. உங்கள் இருவரில் யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் உட்காரவில்லை. சென்னை வேலையை விட்டுவிட்டு நம்ம காடாம்புலியூர் நிலத்திலேயே முந்திரிக்கொட்டை உடைக்கிற ஷெட் போடுகிறேன் என்று நீ வந்து நின்றபோது, எனக்கும் அப்பாவுக்கும் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கயல், கடலூரில் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண், கல்யாணம் ஆனதும் கடலூரிலேயே வீடு எடுத்து இருப்போம் என்ற பேச்சை நம்பி வந்தவள், ஒரு வருஷமாக நிலத்து வீட்டிலிருந்து தினமும் ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வந்தாள். இதெல்லாம் உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் எழுத வந்தது, உன் பெரியப்பா வீட்டுக் காதுகுத்தில் நடந்ததைப் பற்றி.

அன்றைக்குப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டே பெரியப்பா கயலைப் பார்த்துச் சொன்னார். கடிந்து பேசவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நம்ம அஞ்சலை ஆயாவுக்கும் சிதம்பரம் பக்கந்தாம்மா. வாய்க்கால் தண்ணியில வளர்ந்தவுங்க இந்தப் பொட்டக் காட்டுக்கு வந்து, பெத்த புள்ளையே செத்த அன்னைக்குக்கூட கொடத்தத் தூக்கிக்கிட்டுத் தண்ணிக்குப் போனாங்களே தவிர, ஒரு நாளும் பொறந்த வூட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. அதனாலதான் இன்னைக்கு இந்தத் தோப்பு நிக்குது." நீ பக்கத்தில்தான் இருந்தாய். தலையாட்டினாய். கயல் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். நாலு நாள் கழித்து அவள் ஒரு பையோடு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள் என்று நீயே எனக்குச் சொன்னாய்.

உன் தாத்தாவைப் பெற்ற அஞ்சலை ஆயாவின் இந்தக் கதை எனக்குப் புதிது இல்லை. நான் மங்கலம்பேட்டையிலிருந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே சொன்னார்கள். உன் பாட்டி தங்கமானவர். என்னை ஒரு வார்த்தை கடிந்தது கிடையாது. அந்தக் கதைதான் எனக்கு மாமியாராக இருந்தது. உடம்பு முடியாமல் படுத்தால், அஞ்சலை ஆயா படுத்திருப்பாரா என்று தோன்றும். அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தால், கேட்பதற்கு வாயே வராது. வீட்டில் ஒரு போட்டோகூட இல்லாத ஒரு பொம்பளைக்குப் பயந்து பயந்து நான் ரெண்டு வருஷம் ஓட்டினேன்.

அந்தப் பயத்தை எடுத்துப் போட்டவர் முத்தம்மா அத்தை. அஞ்சலை ஆயாவின் மூத்த மகள், உன் தாத்தாவுக்கு அக்கா. உன் அப்பா அத்தை என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். புருஷன் போன பிறகு அவர் நிலத்து வீட்டிலேயே வந்து தங்கிவிட்டார். நீ என் வயிற்றில் இருந்த சமயம், மசக்கை ஜாஸ்தியாகி எதைச் சாப்பிட்டாலும் நிற்காமல் நான் கிடந்தேன். கொட்டையின் பால் சுடாமலிருக்கக் கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அத்தை, "ஏன் உங்க அம்மா வூட்டுக்குப் போயிட்டு வரவேண்டியதுதான?" என்று கேட்டார். நான் அஞ்சலை ஆயா பேரைச் சொன்னேன். அத்தை கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கம்மா போகலன்னு யார் சொன்னா? நான் கூடவே போனேன்" என்றார்.

அன்று மத்தியானம் முழுக்க அவர் சொன்னதைத்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன். கதை நடக்கும்போது அஞ்சலைக்கு இன்றைய கயலின் வயசுகூட இல்லை. அதனால் மரியாதை குறைவாக நினைக்காதே, அவள் என்றே எழுதுகிறேன்.

அஞ்சலை பிறந்தது சிதம்பரத்திலிருந்து லால்பேட்டை போகிற வழியில் ஒரு வாய்க்கால் கரை ஊர். வாசலை விட்டு இறங்கினால் தண்ணீர். குளிக்க, துவைக்க, மாடு கழுவ, விளையாட எல்லாமே அந்த வாய்க்கால்தான். தண்ணீர் என்பது தேடிப் போக வேண்டிய ஒரு பொருள் என்பதே அவளுக்குத் தெரியாது. அவளைக் கட்டிக் கொடுத்த இடமோ அண்ணனும் தம்பியுமாக ரெண்டு பேர் விருத்தாசலம் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து, காடாம்புலியூருக்குக் கிழக்கே ஆள் அண்டாத செம்மண் புதர்க்காட்டை வெட்டித் திருத்திக்கொண்டிருந்த குடும்பம். அந்தப் பக்கத்தில் முதன்முதலாக முந்திரி நட்டவர்கள் நாம்தான் என்று பெரியப்பா சொல்வது பொய் இல்லை. அண்ணனுக்கு அது ஒரு வெறியாகவே இருந்தது. தம்பி ராமசாமி, அஞ்சலையின் புருஷன், உன் அப்பாவின் தாத்தா. அண்ணன் சொன்னதைச் செய்வார். அதிகம் பேச மாட்டார்.

அந்தக் காட்டில் கிணறு கிடையாது. குடிக்கவும் சமைக்கவும் பக்கத்து ஊர்க் குளத்திலிருந்துதான் தண்ணீர் கொண்டுவர வேண்டும். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. கோடையில் அந்தக் குளமும் வற்றிக் குட்டையாகி, மாடு இறங்கிக் கலக்கிய தண்ணீராகத்தான் கிடைக்கும். அஞ்சலை வந்த முதல் வருஷமே ஒரு கிணறு வெட்டலாம் என்று சொல்லிப் பார்த்தாள். மூத்தார், அதாவது புருஷனுடைய அண்ணன், ஒத்துக்கொள்ளவில்லை. முந்திரிக்குத் தண்ணீர் தேவையில்லை, அதனால்தான் முந்திரி வைக்கிறோம், கிணறு வெட்ட உட்கார்ந்தால் ஒரு வருஷக் காடு வெட்டுகிற வேலை போய்விடும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணில் மரம் மட்டும்தான் தெரிந்தது. ராமசாமி அதைக் கேட்டுக்கொண்டு வந்து, ராத்திரி சோறு சாப்பிடும்போது, "அண்ணன் இப்ப வேணாங்கறாரு" என்பார். அடுத்த வருஷமும் அதேதான்.

முத்தம்மாவுக்கு அடுத்து ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. நடக்க ஆரம்பித்திருந்த வயசு. அந்த வருஷக் கோடை நீண்டுகொண்டே போயிற்று. பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது, நிற்கவில்லை. பண்ருட்டிக்கு வண்டி கட்டித் தூக்கிக்கொண்டு போகலாம் என்று மாட்டைப் பூட்டும்போதே உயிர் போய்விட்டது.

பெரியப்பா சொல்கிற குடம் இங்கேதான் வருகிறது. அன்றைக்கு அஞ்சலை குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போனது உண்மை. பிள்ளையைக் குளிப்பாட்டிப் புதைக்க வேண்டும், வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. வேறு யாராவது போகிறோம் என்று சொன்னதற்கு அவள் விடவில்லை. இதில் பொறுமையைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். முத்தம்மா அத்தை கூடவே ஓடினவர். குளத்தில் குனிந்த அம்மா வெகுநேரம் நிமிரவே இல்லை, கலங்கல் அடங்குவதற்காகக் காத்துக்கொண்டே இருந்தார், பிள்ளையின் மேல் ஊற்றுகிற தண்ணீராவது தெளிவாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார் என்றார் அத்தை. அது அடங்கவில்லையாம்.

பிள்ளையைப் புதைத்துச் சில நாள் கழித்து, மத்தியானம் ராமசாமி கஞ்சி குடிக்க வந்த நேரத்தில், அஞ்சலை முத்தம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீவி முடித்து, துணி மூட்டையை எடுத்து வெளியில் வைத்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்.

"நான் தண்ணி இருக்குற எடத்துக்குப் போறேன்."

அவர் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அம்மாவும் மகளும் பண்ருட்டி வரைக்கும் நடந்தார்கள். அங்கே ரயில் ஏறிச் சிதம்பரத்தில் இறங்கினார்கள். ரயிலில் போனதே அத்தைக்கு அதுதான் முதல் தடவை. கடலூர் தாண்டியதும் ரெண்டு பக்கமும் பச்சை வந்துவிட்டது என்றும், அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் வரும்வரை அழுதுகொண்டே வந்தார் என்றும் சொன்னார்.

பிறந்த வீட்டில் பூரண கும்பம் வைத்தா வரவேற்பார்கள்? அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிள்ளை செத்த துக்கத்தில் வந்திருக்கிறாள், பத்து நாள் இருந்துவிட்டுப் போய்விடுவாள் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். பத்து நாள் தாண்டியதும் ஊர் கேட்க ஆரம்பித்தது. அஞ்சலை யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. நடவுக் காலம் வந்தது. அண்ணன் வீட்டுச் சோற்றை உட்கார்ந்து தின்னக் கூடாது என்று மற்றப் பெண்களோடு நடவுக்கு இறங்கினாள். முத்தம்மா வாய்க்காலில் கிடந்தாள். முதல் நாலைந்து நாள் வயிறு முட்ட முட்டத் தண்ணீர் குடித்தாளாம். அதைக் குடிக்கக் காசோ நடையோ வேண்டாம் என்பது அந்தக் குழந்தைக்கு நம்ப முடியாத விஷயமாக இருந்திருக்கிறது.

புரட்டாசியில் ராமசாமி வந்தார். மாமனார் வீட்டுக்குள் வரவில்லை, வயலுக்கே வந்து வரப்பில் நின்றார். அஞ்சலை சேற்றிலிருந்து ஏறி வந்தாள். அவர் சொன்னது, "அண்ணன் உன்னை வரச் சொன்னாரு."

"நீங்க என்னா சொல்றீங்க?" என்று கேட்டாள் அஞ்சலை.

அவர் அப்படி ஒரு கேள்வி தன்னிடம் வரும் என்று நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். முத்தம்மாவைத் தூக்கிக் கொஞ்சினார். கொண்டுவந்திருந்த பலாக்கொட்டையைக் கொடுத்துவிட்டு வந்த வழியே போய்விட்டார். அஞ்சலை மறுபடி சேற்றில் இறங்கினாள்.

அதற்குப் பிறகு மூத்தாரிடமிருந்து ஆள் வந்தது. மழை பிடித்திருந்த சமயம். பெரிய மனுஷர் ஒருவர் வாசலில் உட்கார்ந்து, அடுத்த மாசத்துக்குள் பெண் வந்து சேராவிட்டால் தம்பிக்கு வேறு இடத்தில் கட்டி வைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார். அஞ்சலையின் அப்பா, இப்போதே இவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள் என்று வந்தவரையே கெஞ்சினார். அஞ்சலை உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்று சொன்னாள்.

"கட்டி வைக்கட்டும். வர்றவளுக்கும் தண்ணி வேணும்."

இதைச் சொல்லும்போது முத்தம்மா அத்தை சிரித்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லையாம். அப்பா அன்றோடு மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அண்ணி மட்டும் அன்று ராத்திரி சோறு போடும்போது, யாருக்கும் தெரியாமல் அஞ்சலையின் தட்டில் ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தார். அந்த வீட்டில் அஞ்சலைக்குக் கிடைத்த ஆதரவு அவ்வளவுதான். பிடிவாதமாக இருந்தாள், தைரியமாக இருந்தாள் என்று நாம் இன்று சுலபமாகச் சொல்லிவிடலாம் செந்தில். தினமும் சாயங்காலம் கூலி வேலை முடிந்து வந்து, பேசாத அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, ஒரு ஓரமாகப் பாயை விரித்துப் படுக்கிற பெண்ணுக்கு, தான் செய்தது சரியா என்ற சந்தேகம் எத்தனை தடவை வந்திருக்கும்? தூக்கத்தில் அம்மா செத்துப் போன தம்பியின் பேரைச் சொல்லுவார் என்று அத்தை சொன்னார். புருஷனைப் பற்றி ஒருநாளும் தப்பாகப் பேசவில்லை என்றும் சொன்னார்.

தை மாசம் அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது ராமசாமி ரெண்டாம் தடவை வந்தார். யாரும் அனுப்பி வரவில்லை. வாய்க்கால் கரையில் அவரும் அஞ்சலையும் உட்கார்ந்தார்கள், முத்தம்மா அப்பா மடியில். அப்பாவின் உள்ளங்கை முழுக்கக் காய்த்து, தோல் உரிந்து, பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்ததாம். குழந்தை அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான் என்று அத்தைக்கு நிச்சயம்.

"கார்த்திகையிலிருந்து கெணறு தோண்டுறேன். அண்ணன் ஒத்துக்கல, நான் அவரு பேச்சக் கேக்கல. பகல்ல அவரு வேலை, சாயங்காலத்துல இது. வூட்டுக்குப் பின்னாலதான் தோண்டறேன். ரெண்டு ஆள் ஆழம் போயிட்டேன், இன்னும் ஈரங்கூட வரல. வருமான்னும் தெரியல. வர்ற வரைக்கும் நீ இங்கியே இரு. உன்னைக் கூப்பிட வரல, சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

அஞ்சலை அவர் கையை எடுத்துப் பார்த்தாள். பிறகு, மண்ணை யார் மேலே இழுத்துப் போடுகிறார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை, தானே கூடையில் நிரப்பிவிட்டு, தானே ஏறி வந்து, தானே கயிற்றால் இழுத்துக் கொட்டிவிட்டு மறுபடி இறங்குவதாக அவர் சொன்னார். அறுப்பு முடிய இன்னும் சில நாள் இருக்கிறது, அதுவரை இருங்கள் என்றாள். மாப்பிள்ளை என்ற மரியாதையெல்லாம் பார்க்காமல் ராமசாமி அஞ்சலையின் அண்ணனோடு சேர்ந்து கட்டுத் தூக்கினார். மாமனார் அன்றைக்குத்தான் மகளிடம் பேசினார். அதுவும் "மாப்பிள்ளைக்கு வெந்நீர் வச்சுக் குடு" என்றுதான்.

கிளம்புகிற அன்று அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். பாகம் பிரிக்கச் சொல்லவில்லை.

"இனிமே உங்க அண்ணன் சொல்றத உங்க வாயால எங்கிட்ட சொல்லாதீங்க. அவரு சொல்றத அவரே சொல்லட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். எங்கிட்ட நீங்க பேசுறது உங்க பேச்சா இருக்கணும்."

ராமசாமி சரி என்றார். அத்தை சொன்னார், எனக்குத் தெரிந்து அப்பா அந்தச் சொல்லை மீறவே இல்லை, அதனாலேயே நிறைய நாள் பேசாமல் உட்கார்ந்திருப்பார், தன் பேச்சு எது என்று யோசிக்கிறவர் மாதிரி.

தண்ணீர் வந்த பிறகு வந்தால் போதும் என்று புருஷனே சொல்லியும், தண்ணீர் வராத கிணற்றுக்குத்தான் அஞ்சலை திரும்பி வந்தாள். ஏன் என்று நான் அத்தையைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் அம்மா சொல்லியிருக்க மாட்டார் என்றார். வந்த மறுநாளே புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மேலே நின்று கூடையை இழுத்தாள். மூத்தார் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து அவர் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். இவர்கள் ரெண்டு பேரும் மண் அள்ளிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் மூத்தாரின் மனைவி, முத்தம்மாவுக்குப் பெரியம்மா, புருஷன் கண்ணெதிரிலேயே எழுந்து வந்து அஞ்சலையோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தார். அவரும் குளத்துக்கு நடந்து நடந்து ஓய்ந்தவர்தானே. அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது.

பங்குனியில் தண்ணீர் வந்தது. வந்தது என்றால் பீய்ச்சி அடிக்கவில்லை. ராமசாமி கீழேயிருந்து அனுப்பிய மண் கூடையில் ஈரம் கனத்தது, மறுநாள் சேறு, அதற்கு மறுநாள் கணுக்கால் அளவு. முதல் வாரம் செம்மண் நிறத்தில் கலங்கியே இருந்தது. தெளிந்த பிறகு அஞ்சலை ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு போய், பிள்ளையைப் புதைத்த இடத்தில் ஊற்றிவிட்டு வந்தாள். அதற்கு யாரையும் கூட வர விடவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாமல் இருக்காது. தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்ததும், காட்டில் கூலிக்கு வந்துகொண்டிருந்த குடும்பங்கள் பக்கத்திலேயே கொட்டாய் போட்டுத் தங்கின. நாலு கொட்டாய் பத்தாயிற்று, மாரியம்மன் வந்தாள், தெரு வந்தது. மூத்தார் கடைசிவரை அந்தக் கிணற்றைத் தம்பியின் கிணறு என்று சொல்லாமல், 'பின்பக்கத்துக் கெணறு' என்றேதான் சொல்லுவாராம். ஆனால் உடம்புக்கு முடியாமல் படுத்த காலத்தில் அஞ்சலையைக் கூப்பிட்டு, தனக்கு அந்தத் தண்ணீரில் ஒரு சொம்பு கொண்டுவரச் சொல்லிக் குடித்தார். அதை அவர் நேராகவே கேட்டார். தம்பி மூலமாகச் சொல்லி அனுப்பவில்லை.

அப்படியானால் இந்தப் போகாத கதை எப்படி வந்தது என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். யாரும் உட்கார்ந்து பொய் கட்டவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க மருமகள் வீட்டில் இல்லை என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு, முதலில் அதை விட்டுவிட்டுச் சொன்னார்கள். விட்டதை அடுத்த தலைமுறை அறியவில்லை. அறியாதவர்கள் அந்த இடத்தில் பொறுமையை வைத்து அடைத்துவிட்டார்கள். அஞ்சலை ஆயா உயிரோடு இருக்கும்போதே இது நடந்துவிட்டது. உன் அப்பாவுடைய அக்கா கல்யாணம் பண்ருட்டியில் நடந்தது. முன்வரிசையில் ஆயாவை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, மணப்பெண்ணே, உன் ஆயாவைப் பார், வந்த வாசலைத் தாண்டாதவர், அவர் மாதிரி இரு என்று பேசினார். ஆயா நாற்காலியிலிருந்தே சத்தமாகச் சொன்னாராம். "நான் போனேன்டா. ஒரு மழக்காலம் பூரா எங்க அண்ணன் வூட்லதான் இருந்தேன்."

கூட்டம் சிரித்தது. வயசாகிவிட்டது, ஆயாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். ஆயா முத்தம்மா அத்தையைப் பார்த்து, "நீயும் இருந்தியேடி" என்றார். நானும் இருந்தேன் என்று அத்தை சொன்னது நாதஸ்வரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இதை எழுதுவதற்கு முன்னால் உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் அப்போது டவுசர் போட்ட பையன். "ஆமா, நானும் சிரிச்சேன்" என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னிடம், இதைச் செந்திலுக்குச் சொல்லிவிடு என்றார்.

செந்தில், நீ அந்த நிலத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறாய். அது நிற்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர்கள் இருக்க முடியாது. கயலும் ஆசைப்படுகிறாள். நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும், ஷெட்டில் வேலை செய்கிற பெண்களின் தோள்வலிக்கும் கைவலிக்கும் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பதை அந்தப் பெண்கள் எனக்குப் போன் பண்ணிச் சொல்லுகிறார்கள், அக்கா எப்ப வருவாங்க என்று கேட்டுக்கொண்டே. ஒரு வீட்டைவிட்டு ஒருத்தி போவது அந்த வீடு வேண்டாம் என்பதற்காகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. அஞ்சலை போனதால் தோப்பு அழியவில்லை. போயிருக்காவிட்டால் ராமசாமி கடப்பாறையை எடுத்திருக்கவே மாட்டார்.

நீ பெரியப்பா சொன்னதற்குத் தலையாட்டினாய். அதற்குப் பிறகு அவளிடம் நீ பேசியதில் பாதி, பெரியப்பா சொன்னார், ஊர் என்ன சொல்லும், கஸ்டமர் என்ன நினைப்பார், அம்மாகூட இப்படித்தான் இருந்தாங்க என்பதுதான். எல்லோரும் பேசிவிட்டோம், உன்னைத் தவிர. நான் உனக்கு ஒரு வழியும் சொல்லித் தரவில்லை. கடலூரில் வீடு எடு என்றோ, அவளை வேலையை விடச் சொல் என்றோ, ஷெட்டை மூடு என்றோ நான் எழுத மாட்டேன். சிதம்பரம் போ என்று மட்டும் எழுதுகிறேன். மாலை மாற்றின மண்டபத்துக்குப் போகிற மாதிரி ஆள் சேர்த்துக்கொண்டு போகாதே. பெரியப்பாவைக் கூப்பிடாதே, என்னையும் கூப்பிடாதே. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வரலாம் என்றால் தனியாகப் போ. அவங்க வீட்டில் மூஞ்சி காட்டினால் பொறுத்துக்கொள். போனதும் வீட்டுக்கு வா என்று கூப்பிடாதே. என்ன செய்திருக்கிறாய், எதில் உனக்கே தெளிவில்லை, எது உனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்.

நேற்று நான் கயலுக்குப் போன் பண்ணி இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். முடித்ததும், "அத்தை, அவுங்க கூடையை இழுக்க ஆரம்பிச்ச அன்னைக்கு அவருகிட்ட என்னா பேசியிருப்பாங்க?" என்று கேட்டாள். தெரியவில்லையே என்றேன். பிறகு நான் அவளிடம், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். இந்த ஒரு வருஷத்தில் எங்களில் யாரும் கேட்காத கேள்வி அது. அவள் சொன்னாள். யோசிக்காமல் சொன்னாள், ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்தவள் மாதிரி. நீ பயப்படுகிற அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. நீ நினைத்துக்கொண்டிருக்கிற விஷயமும் இல்லை.

அது என்னவென்று இங்கே ஒரு வரியில் எழுதிவிடலாம். எழுத மாட்டேன். எழுதினால் அது அம்மா சொன்னதாக ஆகிவிடும்.

அம்மா